திரும்பி வந்த மனு

பேத்தியை இந்த வருடமாவது கல்லூரியில் சேர்க்கலாமென்று, சாதிச் சான்றிதழுக்கு மறுபடியும் மனு போட இன்று மலையிலிருந்து ஆலங்காயம் இறங்கினேன்.

கம்ப்யூட்டர் கடைப் பெண் போன வருடத் தாளைப் பார்த்தாள்.

"இன்னா ஆயா, இது ரிஜெக்ட் இல்லியே, ரிட்டர்ன். பொண்ணோட அப்பா சாதிச் சான்றிதழையும் வெச்சி மறுபடி அனுப்பச் சொல்லிகீறாங்க. ஏன் உட்டுட்டீங்க?"

நானா விட்டேன்? அந்த மனுவைப் போட்டுக்கொடுத்த, எங்கள் மலையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர், போன ஆனியில், வாய் நிறைய வெற்றிலையோடு, "ரிஜெக்ட் ஆயிட்ச்சி ஆயா, வூட்டுக்குப் போ" என்றார்.

திரும்பும்போது அவரிடமே கேட்டேன்.

"ரெண்டும் ஒண்ணுதான் ஆயா."

அந்த ஒன்றால்தான் பேத்தி ஒரு வருடமாகத் திருப்பூரில் பனியன் தைக்கிறாள்.

இதை அவளிடம் போனில் எப்படிச் சொல்வது? தெரிந்தவர்கள் எழுதுங்கள். கடைக்காரரிடம் சொல்ல வேண்டியதை நானே பார்த்துக்கொள்கிறேன்.