பிடரியில் ஒரு தழும்பு

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எனக்கு முடி வெட்டிய சலூன்காரர் ஒல்லியான மனிதர். மீசைக்கு மட்டும் சாயம் பூசுவார். கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன் வலது பெருவிரலால் பிடரியை ஒருமுறை மெதுவாகத் தடவிப் பார்ப்பது அவர் பழக்கம்.

யுத்த காலம். உடம்பில் ஷெல் தழும்பு இருந்தால் போராளி என்று பொலிஸ் பிடித்துப்போகும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து என்னுடன் தங்கியிருந்த மருமகனை ஒரு திங்கட்கிழமை அவரிடம் கூட்டிப்போனேன். அவன் பிடரியில் அந்தப் பெருவிரல் சற்று நின்றது.

“இது டொக்டர் வெட்டுனதுங்க ஐயா. கோடு நேரா ஓடுது. ஷெல் வெட்டுனா சதை பிஞ்சு ஓரமெல்லாம் கோணலா இருக்கும்.”

“ஓம், கட்டி ஒண்டு எடுத்தது. உங்களுக்கு இதெல்லாம் ஆர் சொன்னது?” என்றேன்.

“எத்தனை தலை நம்மகிட்ட குனியுது,” என்று சிரித்தார். “பயப்படாதீங்க, முடிய விட்டு மறைச்சிருவோம்.”

மறுநாள் செவ்வாய், சலூன் பூட்டும் நாள். அன்று காலை எங்கள் ஒழுங்கையில் பொலிஸ் சோதனை. இளைஞர்களை வரிசையாக நிறுத்தினார்கள். சார்ஜன்ட் நேரே மருமகனின் முடியை விலக்கி, வலது பெருவிரலால் பிடரியை மெதுவாகத் தடவினார். “டொக்டர் வெட்டினது” என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு அவனை விட்டார். பக்கத்தில் நின்ற பெடியனின் தழும்பு கோணலாக இருந்தது. அவனை ஜீப்பில் ஏற்றிப்போனார்கள்.

அந்த விரலசைவைச் சார்ஜன்ட் யாரிடம் பழகினார் என்று நான் எவரிடமும் கேட்கவில்லை. அடுத்த மாதமும் அதே கதிரையில் போய்த் தலையைக் குனிந்தேன். வேறு சலூனுக்கு மாறினால், ஏன் மாறினேன் என்று அவர் யோசிக்கத் தொடங்கிவிடுவார்.