தங்கையின் பெயரில் என் விரல்

என் தங்கையின் பெயரைச் சொல்லி என் இரத்தத்தைக் கொடுத்தேன். அவள் கால் இன்று இருக்கும் நிலைக்கு நான்தான் காரணம்.

இரத்தம் கொடுத்தேன் என்றதும் தியாகம் என்று எண்ணிவிடாதீர்கள்! நான் செய்தது ஏமாற்று வேலை. ஒரே ஒரு துளியில் செய்த ஏமாற்று வேலை.

எழுபதுகளின் கடைசி. கொச்சியில் மட்டாஞ்சேரிப் பக்கம், கொச்சங்காடியில் குடியிருந்தோம். என் கணவர் சுக்குக் கிடங்கில் எடை பார்ப்பவர். அத்தாவும் அம்மாவும் காலமான பிறகு தங்கை மைமூன் எங்களோடுதான் வளர்ந்தாள். அவளை எப்படி வைத்திருந்தேன் தெரியுமா? வாரம் தவறாமல் எண்ணெய் முழுக்கு, விடிந்ததும் ஊறவைத்த வெந்தயம், வயிறு சுத்தமாக அவ்வப்போது விளக்கெண்ணெய்... "உன் தங்கச்சி தக்காளிப் பழமாட்டம் இருக்கா" என்று அக்கம்பக்கத்தார் சொன்னால் எனக்குத் தலைகால் புரியாது.

ஆரோக்கியம் என்றால் எனக்கு அவ்வளவுதான். அடுத்தவர் கண்ணுக்குத் தெரிவது! கன்னத்தில் சதை, தலை நிறைய முடி, நடையில் சுறுசுறுப்பு. உள்ளே ஓடுவதை யார் பார்க்கப் போகிறார்கள் என்றிருந்தேன்.

எங்கள் பகுதிக்கு யானைக்கால் நோய் புதிதல்ல. தெருவுக்கு ஒருவராவது வீங்கிய காலை இழுத்துக்கொண்டு போவார். வெளியூர்க்காரர்கள் கொச்சியில் பெண் எடுக்கவே தயங்குவார்கள். எடுத்தாலும் முகத்தைப் பார்க்கும் முன் காலைப் பார்ப்பார்கள். ஆலுவாவிலிருந்து மைமூனைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாயாரும் அதைத்தான் செய்தார்.

"தப்பா நெனைக்காதம்மா. கொச்சிப் பொண்ணுன்னா கால் பாத்துட்டுத்தான் நாங்க மேக்கொண்டு பேசுறது."

மைமூன் தலையைக் குனிந்துகொண்டு பாவாடையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் காட்டினாள். வாழைத்தண்டு மாதிரி கால்கள். அந்த அம்மாள் சிரித்தபடி சாயாவை எடுத்துக் குடித்தார். அன்றே பேசி முடித்துவிட்டோம்.

அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். சில மாதங்களுக்கு ஒருமுறை மைமூனுக்குக் குளிர்காய்ச்சல் வரும். இடது தொடை இடுக்கில் நெறி கட்டும். கால் கடுக்கிறது என்று அழுவாள். பிறகு எல்லாம் வடிந்து பழையபடி ஆகிவிடுவாள். அது எதன் அறிகுறி என்று மட்டாஞ்சேரியில் குடியிருப்பவர் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்கும்தான்! ஆனால் நான் என்ன செய்தேன்? "வெயில்ல அலைஞ்சதுக்கு நெறி கட்டியிருக்கு, சும்மா கெடடி" என்று அதட்டி, உப்பு ஒத்தடம் கொடுத்தேன்.

கல்யாணத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது சுகாதாரத் துறையின் ஆள் வந்தார். யானைக்கால் கிருமி இரவில்தான் இரத்தத்தில் நடமாடுமாம். அதனால் அவர்களும் இரவில்தான் வருவார்கள். வீட்டிலுள்ள ஒவ்வொருவர் விரலிலும் குத்தி, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு எடுத்துப் போவார்கள். கிருமி இருந்தால் மாத்திரையோடு வீடு தேடி வருவார்கள். எனக்குப் பயம் அந்த மாத்திரையை நினைத்துத்தான்! வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். தெரு முழுக்கத் தெரிந்துவிடும்... அங்கிருந்து ஆலுவாவுக்கு எட்ட எவ்வளவு நேரமாகும்?

கணவர் இன்னும் கிடங்கிலிருந்து திரும்பவில்லை. மைமூன் காய்ச்சலில் உள்ளறையில் சுருண்டு கிடந்தாள். எங்கள் வீட்டுப் பெண்கள் அந்நிய ஆண்கள் முன்னால் வருவதில்லை. வாசல் திரைக்குப் பின்னால் நின்று கையை மட்டும் வெளியே நீட்டுவோம். வந்தவருக்கும் அது பழக்கம்தான்.

"ஒரு துள்ளி மதி இத்தா, பேடிக்கண்டா" என்றார். ஒரு துளி போதும் அக்கா, பயப்பட வேண்டாம் என்கிறார்.

என் பெயரைச் சொல்லி வலக்கையை நீட்டினேன். குத்தி எடுத்துக்கொண்டார். வீட்டில் வேறு யார் என்று கேட்டார்.

"தங்கச்சி இருக்கா. பேரு மைமூன்" என்றேன். பிறகு பின்னால் திரும்பி, ஆளில்லாத இருட்டைப் பார்த்து, "வாடி, வந்து கைய நீட்டு" என்று அதட்டினேன். கொஞ்சம் பொறுத்து என் இடக்கையைத் திரைக்கு வெளியே விட்டேன்... மைமூன் என்ற பெயரில் என் இரத்தம் போயிற்று.

இப்படியும் ஒருத்தி நடிப்பாளா என்கிறீர்களா? நடித்தேனே! என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொள்ளவும் செய்தேன்.

காலையில் மைமூன் கண் விழித்ததும் கேட்டாள்:

"ராத்திரி ரத்தம் எடுக்க ஆள் வந்தாங்களாக்கா?"

"வந்தாங்க. உனக்கும் எடுத்தாச்சு. காய்ச்சல் மயக்கத்துல உனக்குத் தெரியல."

நம்பினாள். நான் சொல்லி அவள் எதை நம்பாமல் இருந்தாள்? நாட்கள் போயின. மாத்திரையோடு யாரும் வரவில்லை. "பாத்தியா, உன் ரத்தத்துல ஒரு குறையும் இல்ல" என்று அவள் கன்னத்தைக் கிள்ளினேன். கல்யாணமும் நல்லபடியாக நடந்தது.

அந்தச் சொல்தான் அவளைக் கெடுத்தது. ஆலுவாவில் காய்ச்சல் வரும்போதெல்லாம் அவள் கணவர் பரிசோதனைக்குக் கூப்பிடுவாராம். "எனக்குக் கொச்சியிலயே பாத்தாச்சு, ஒண்ணுமில்ல" என்று மறுத்துவிடுவாளாம். வருடக்கணக்கில் அப்படியே... இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு இடது பாதம் வீங்கியது. இந்த முறை வடியவில்லை. ஆரம்பத்திலேயே பார்த்து மாத்திரை சாப்பிட்டிருந்தால் இவ்வளவு தூரம் வராமல் தடுத்திருக்கலாம் என்றார் மருத்துவர். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

அன்று அவள் இரத்தத்தில் கிருமி இருந்ததா? யாருக்குத் தெரியும்! ஒருவேளை இல்லாமலும் இருந்திருக்கலாம்... இப்படிச் சொல்லித் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை. தெரிந்துகொள்ள இருந்த வழியை அடைத்தவள் நான்தானே? எண்ணெயும் வெந்தயமும் கொடுத்து அவள் உடம்பைப் பேணினேன் என்று பெருமை பேசினேன். அந்த உடம்பு காய்ச்சலாகவும் நெறியாகவும் வாய்விட்டுச் சொன்னதை மட்டும் கேட்க மறுத்தேன். உடம்பைப் பேணுவதில் முதல் வேலையே அதுதான் என்று எனக்குப் புரிய அவளுடைய கால் வேண்டியிருந்தது!

ஏன் அவளிடம் சொல்லவில்லை? ஒவ்வொரு முறை ஆலுவாவுக்குப் பஸ் ஏறும்போதும் சொல்லிவிடுவது என்றுதான் போகிறேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வேறு எதையாவது பேசிவிட்டுத் திரும்பிவிடுகிறேன். கோழை நான்.

போன பெருநாளுக்குப் போயிருந்தேன். மைமூன் காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்குகளில் ஈரமில்லாமல் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள். தினமும் செய்கிறாள், காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துத்தான் படுக்கிறாள். பக்கத்தில் அவளுடைய இரண்டு பெண்களும் கொசுவலையில் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

"பாத்துத் தைங்கடி. நான் இங்க வந்த புதுசுல வலை கட்டாமப் படுத்துத்தான் இந்தக் காலை வாங்கிக்கிட்டேன். எங்கக்கா என்னைக் கண்ணாட்டம் வச்சிருந்தா. கொச்சியில இருந்த வரைக்கும் என் ரத்தத்துல ஒண்ணுமில்ல. நானேதான் கெடுத்துக்கிட்டேன். உங்க பெரியம்மாவையே கேளுங்க."

பெரியவள் ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்படியா பெரியம்மா?"

"ஆமாம்மா" என்றேன்.