சுண்டுவிரல் படாத கன்னம்

முகம் வரைகையில், கன்னத்துக்கு வரும்போது மட்டும் லோசலினே பேனாவைக் கீழே வைத்துவிடுவாள். சுண்டுவிரலைப் பாவாடையில் ஒருமுறை துடைத்துக்கொண்டு டேப்லெட்டின் கண்ணாடியில் மெல்லத் தேய்ப்பாள். குழந்தைக்கு மூக்குத் துடைத்துவிடுகிற மாதிரி இருக்கும். “பேனா எலும்பைத்தான் வரையும்க்கா. சதை விரலுக்குத்தான் வரும்” என்பாள். கண்ணைக் கடைசிக்கு வைத்துக்கொள்வாள். “முதல்லயே கண்ணைப் போட்டா அவங்க என்னையே பார்த்துட்டு இருப்பாங்க. கை ஓடாது.”

எங்கள் தீவின் தலைநகர் நுகுஅலோஃபாவில் பேனர் அச்சடிக்கும் கடை என்னுடையது. பின்பக்கத்து மேசை அவளுடையது. அவள் வரைவதை நான் அச்சடித்துச் சாவு வீட்டு வாசலுக்கும் கல்லறைக்கும் அனுப்புவேன். ஒரு காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைபேசியில் மீனும் ஆமையும் கிறுக்கிக்கொண்டிருந்ததுதான் எங்கள் ஊர் டிஜிட்டல் ஓவியம். ஒரு கண்காட்சி வைத்தார்கள். பாதிரியார் வந்து கேக் தின்றுவிட்டுப் போனார். பிறகு லோசலினே செத்துப்போன ஒரு கிழவரின் பக்கத்தில், ஆக்லாந்திலிருந்து வர முடியாத மகன்களை நிற்கவைத்து, சுற்றிலும் மரப்பட்டைத் துணியின் கோலங்களைப் போட்டு ஒரு படம் செய்தாள். அதற்கப்புறம் அவள் கை படாமல் எங்கள் பக்கம் யாரும் குழிக்குள் இறங்குவதில்லை. கூலியாகக் கிழங்கு வரும், பாய் வரும், ஒரு தடவை கழுத்துக் கயிற்றோடு பன்றிக்குட்டியே வந்தது. வரையத் தெரிந்த மற்றவர்கள் எல்லாரும் பிழைப்பு தேடிக் கடல் தாண்டிவிட்டார்கள்.

போன மாதம் அவள் அண்ணன் ஃபிலிமோனே, ஆஸ்திரேலியாவில் பழம் பறிக்கப் போன இடத்தில், டிராக்டர் கவிழ்ந்து செத்துப்போனான். முகம் பார்க்கிற மாதிரி இல்லை, பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். இனி அம்மாவுக்கு மகன் முகம் என்று ஒன்று கிடைத்தால் அது பேனரில்தான். இருந்ததோ, தொப்பி நிழலில் பாதி மறைந்த ஒரே ஒரு படம்.

ஊரில் செத்தவர்கள் முகமெல்லாம் தெரிந்த லோசலினேவுக்கு அந்த முகம் தெரியாது. வளர்ந்த அண்ணனும் தங்கையும் எங்களில் ஒரே அறையில் உட்காருவதில்லை, சேர்ந்து படம் பிடித்துக்கொள்வதில்லை. ஃபிலிமோனே முற்றத்தில் இருமினால் இவள் பின்வாசல் வழியாக வெளியேறிவிடுவாள். அதுதான் மரியாதை. வயதுக்கு வந்ததிலிருந்து அவனை அவள் நிமிர்ந்து பார்த்ததே இல்லை.

ஆனாலும் அவள்தான் வரையப் போகிறாள் என்று தெரிந்து அவர்கள் அத்தை கடைக்கே வந்துவிட்டாள். அப்பாவின் அக்கா, துக்க வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். உட்காரக்கூட இல்லை.

“உசுரோட இருந்தப்ப அவன் இருக்கிற ரூம்ல நீ உட்கார்ந்திருக்கியா? இப்ப அவன் மூஞ்சியைப் பெருசாக்கி, விரலால தேய்ப்பியா?”

லோசலினே தரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். “விரல் படாது அத்தை. பேனா மட்டும்தான். இல்லன்னா அம்மா யாரைப் பார்த்து அழும்?”

பேனா மட்டும்தான் என்று அத்தையும் ஒருமுறை சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் லோசலினே அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வரைந்தாள். துக்கத்துக்கு எங்கள் வழக்கப்படி அவள் இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்த பெரிய பாய் மொரமொரத்தது. படம் கேட்டு வருகிற எல்லாரிடமும் கேட்கிற கேள்வியை அன்று என்னிடம் கேட்டாள்: “புருவம் எப்படி இருக்கும்க்கா?” இடது புருவத்தில் ஒரு வெட்டுத்தழும்பு உண்டு, சிரித்தால் ஒரு கண் சின்னதாகும் என்றேன். சொந்த அண்ணனைப் பற்றி அவளுக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது.

விரல் படாததால் கன்னம் ஒட்டிப்போய்த்தான் வந்தது. அம்மா குனிந்து பார்த்தாள்.

“ரொம்ப இளைச்சுட்டானே. அங்க சரியா சோறு போடல போல.”

லோசலினேயின் சுண்டுவிரல் தானாகப் பாவாடைக்குப் போய்த் துடைத்துக்கொண்டது. அங்கேயே நின்றது. பிறகு மறுபடியும் பேனாவை எடுத்து, கண்களை வரையத் தொடங்கினாள். முதலில் சின்னதாகும் கண், அப்புறம் மற்றது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு மகன் பெயரைச் சொன்னாள்.

ஃபிலிமோனே திரையிலிருந்து நேராகப் பார்த்தான். லோசலினே பேனாவை மேசையில் வைத்தாள். இடுப்புப் பாயைச் சரிசெய்துகொண்டு எழுந்து, தலையைக் குனிந்தபடி பின்வாசல் வழியாக வெளியே போனாள்.