பச்சையாக மாறிய திராட்சை

எங்கள் வீட்டுக் கூடத்தில், டிவிக்கு மேலே, ஒரு சான்றிதழ் தொங்குகிறது. லேமினேட் செய்தது. ஓரங்களில் காற்றுப் புகுந்து பிளாஸ்டிக் கொப்புளித்திருக்கிறது. ‘உணவுக் கலப்படத்தைக் கண்டறிதல் – முதல் பரிசு’ என்று அச்சடித்திருக்கும். நடுவில் கோடு போட்ட இடத்தில், நீல மையில், என் பெயர். தாம்பரம் கடப்பேரிக்குள்ளேயே நாங்கள் மூன்று வீடு மாறிவிட்டோம். ஒவ்வொரு வீட்டிலும் சாமி படத்துக்கு அடுத்தபடியாகச் சுவரேறியது இதுதான். மாட்டியது அத்தை. அப்பாவின் அக்கா. எழுதப் படிக்கத் தெரியாதவள். அவளை ஒரு ஏமாற்றுக்காரி என்று ஊருக்குக் காட்டியதற்காக எனக்குக் கொடுத்த பரிசை, அவளே ஆணியடித்து மாட்டினாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். அதை எங்கேயும் தலை நிமிர்ந்து சொல்வேன். அப்பா சாரம் கட்டும் வேலைக்குப் போனார். அத்தை, புருஷன் விட்டுப்போன பிறகு எங்களோடு வந்து சேர்ந்தவள், ஐஸ் கோலா வண்டி வைத்திருந்தாள். என் பள்ளிக்கூட வாசலில், தூங்குமூஞ்சி மரத்தடியில்தான் அந்த வண்டி நிற்கும். கோணிக்குள்ளிருந்து ஐஸ் கட்டியை எடுத்து, தச்சர் இழைப்புளியைக் கவிழ்த்து வைத்தது போன்ற பலகையில் தேய்ப்பாள். கீழே விழும் சீவலை டம்ளரில் அழுத்தி, குச்சி செருகி, மேலே சிரப்பை ஊற்றித் தருவாள்.

அந்தச் சிரப்பை அவளே காய்ச்சுவாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய்ப் பன்னீர் திராட்சை வாங்கி வருவாள். கொட்டையுள்ள கறுப்புத் திராட்சை. உப்புத் தண்ணீரில் அலசி, காம்பு கிள்ளி, எவர்சில்வர் குண்டானில் போட்டு, தோல் வெடிக்கும் வரை வேகவிடுவாள். மரக்கரண்டிதான் போடுவாள்; இரும்பு பட்டால் சாறு கறுத்துவிடும். பிறகு துவைத்த வேட்டித் துணியில் கொட்டி, மூட்டையாகக் கட்டி, ஜன்னல் கம்பியில் தொங்கவிடுவாள். அவசரப்பட்டு யாராவது மூட்டையைப் பிழியப் போனால் கையில் அடி விழும். “பிழிஞ்சா கொட்டையோட கசப்பு வந்துரும். அதுவா வடியட்டும், உனுக்கு இன்னா ரயிலா போவுது?” வடிந்த சாற்றில் சர்க்கரை போட்டுக் காய்ச்சி, ஆறிய பிறகு எலுமிச்சம் பழம் பிழிவாள். அதுவரை மங்கலாக ஊதா நிறத்தில் கிடந்த சாறு, எலுமிச்சை விழுந்த இடத்திலிருந்து சட்டென்று சிவந்து வரும். “பாரு, சிரிக்குது பாரு” என்பாள். வாராவாரம் இதைப் பார்த்து வளர்ந்தவள் நான். புளிப்புப் பட்டால் திராட்சை நிறம் மாறும் என்பதை, பள்ளிக்கூடம் சொல்வதற்கு முன்னால் என் கண் பார்த்திருந்தது. ஆனாலும் அது எனக்கு உதவவில்லை.

ஆறாம் வகுப்பில் சேர்ந்த முதல் வாரமே அத்தையிடம் சொல்லியிருந்தேன், “ஸ்கூல் கிட்ட என்னைப் பார்த்தா பேசாத.” ஏன் என்று அவள் கேட்கவில்லை. நான் தோழிகளோடு வண்டிக்குப் போனால், முகத்தை நிமிர்த்தாமல் ஐஸ் சீவுவாள். என் டம்ளரில் மட்டும் ஒரு கரண்டி சிரப்பு அதிகமாக விழும். அவ்வளவுதான் எங்கள் உறவு, பள்ளிக்கூட வாசலில்.

எட்டாம் வகுப்பில் அறிவியல் கண்காட்சி வந்தது. சயின்ஸ் மிஸ் என்னைக் கூப்பிட்டு, உணவுக் கலப்படம் என்ற தலைப்பைக் கொடுத்தார். “நீ நல்லா சத்தமா பேசுவ. மிளகாய்த் தூள், பால், டீத்தூள் எல்லாம் வழக்கமா பண்றதுதான். புதுசா ஏதாவது வேணும். வெளியில அந்த ஐஸ்காரம்மா ஊத்துதே, அந்த சிரப் கொஞ்சம் வாங்கிட்டு வா. கண்டிப்பா சாயம்தான்.” அது என் அத்தை என்று நான் சொல்லவில்லை. மிஸ்ஸின் கண்ணில் நான் நல்ல மாணவி. அந்த இடத்தை இழக்க எனக்கு மனமில்லை.

வீட்டில் அத்தையிடம், கண்காட்சிக்குச் சிரப்பு வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அவள் முகம் மலர்ந்ததை இப்போது நினைத்தாலும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. அந்த வாரம் முதலில் வடிந்த தெளிந்த சாற்றில் காய்ச்சியதை, வெந்நீர் விட்டுக் கழுவிய பாட்டிலில் ஊற்றி, மூடிக்கு மேல் துணி கட்டிக் கொடுத்தாள். “உங்க மிஸ்ஸுக்கும் ஒரு வாய் குடு. நல்லா கீதான்னு கேளு.”

மிஸ் ஒரு வாய்கூடச் சுவைத்துப் பார்க்கவில்லை. முகர்ந்தும் பார்க்கவில்லை. இரண்டு சோதனைக் குழாய்களை எடுத்தார். ஒன்றில் அத்தையின் சிரப்பு, இன்னொன்றில் கடையில் வாங்கிய சிவப்புச் சிரப்பு. இரண்டிலும் தண்ணீர் கலந்து, சமையல் சோடாவைப் போட்டார். கடைச் சிரப்பு கொஞ்சம் நுரைத்து அடங்கியது, சிவப்பு அசையவில்லை. அத்தையின் சிரப்பு பொங்கி, நீலம் பாய்ந்து, கடைசியில் சேறு கலந்த பச்சையாகிப் போனது. “பார்த்தியா? எவ்வளவு கெமிக்கல்!” என்றார் மிஸ். அவர் எந்தப் புத்தகத்தையும் திறக்கவில்லை. கடை பாட்டிலில் லேபிள் இருந்தது, தெருவண்டிப் பாட்டிலில் துணி கட்டியிருந்தது. அவருக்கு அது போதும்.

கண்காட்சி நாள் முழுவதும் அதையே செய்தேன். பெற்றோர்கள் கூட்டம் கூட்டமாக வந்து நின்றார்கள். “நிறம் மாறாதது பாதுகாப்பானது. பள்ளி வாசலில் விற்கப்படும் இந்தச் சிரப்பில் இருப்பது நச்சுப் பொருள்” என்று மனப்பாடம் செய்ததைக் கணீரென்று சொன்னேன். கைதட்டினார்கள். மத்தியானம் ஒரு கூட்டம் விலகியபோது, அதன் பின்னால் அத்தை நின்றிருந்தாள். பொங்கலுக்கு எடுத்த மாம்பழ நிறப் புடவை. தலையில் கனகாம்பரம். வண்டியைப் பூட்டிவிட்டு நான் பேசுவதைக் கேட்க வந்திருக்கிறாள். என் பக்கத்தில் மிஸ் நின்றிருந்தார். நான் அத்தையைத் தெரியாதவள் போலப் பார்த்துவிட்டு, குழாயில் அவளுடைய சிரப்பை ஊற்றி, சோடாவைப் போட்டு, பச்சையாக்கிக் காட்டி, நச்சுப் பொருள் என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னேன். அவள் கடைசி வரை கேட்டாள். எல்லோரும் கைதட்டியபோது அவளும் இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் வீட்டில்தான் வாய் திறந்தாள். “இன்னாடி போட்ட அதுல?”

“சோடா. உன் சிரப்புல கெமிக்கல் இருக்கு. அதான் நிறம் மாறுது.”

“மஞ்சக் கறை மேல சோப்பு போட்டா செவப்பாவுதுல்ல? இதுவும் அது மாதிரிதான். அதுக்குன்னு மஞ்சளு வெசமா?”

“உனக்கு என்ன தெரியும்? நீ படிச்சியா?”

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவள் எழுந்து அதை இறக்கி வைக்கப் போனாள்.

திங்கட்கிழமை பள்ளி வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். தெருவில் விற்கும் ஐஸ் வாங்கக் கூடாது. வாட்ச்மேன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார். அத்தை இரண்டு நாள் சும்மா இருந்தாள். மூன்றாவது நாள் கடையிலிருந்து ஒரு சிவப்புச் சிரப்புப் பாட்டில் வாங்கி வந்து, என் முன்னால் வைத்தாள். “இதுல அந்த சோடாவப் போட்டுப் பாரு.”

போட்டேன். நிறம் மாறவில்லை.

“அப்ப இதான் நல்லது. இல்ல?”

“ஆமா” என்றேன்.

மிச்சமிருந்த திராட்சைச் சிரப்பை எடுத்துப்போய்ச் சாக்கடையில் கொட்டினாள். அடுத்த வாரம் லேபிள் தெரியும்படி அந்தக் கடை பாட்டில்களை வண்டியின் முன்வரிசையில் அடுக்கி வைத்தாள். வாட்ச்மேன் பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சொன்னார். பள்ளிக்கூடம் அவளை மறுபடி மரத்தடியில் நிற்கவிட்டது. பழச்சாறு விற்றவளைத் துரத்திவிட்டு, சாயத் தண்ணீர் விற்றவளைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். எனக்குப் பரிசும் கொடுத்தார்கள்.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு வேதியியல் ஆய்வகத்தில்தான் எனக்கு அடி விழுந்தது. இயற்கை நிறங்காட்டிகள் பற்றிய பாடம். ஊதா முட்டைக்கோஸ் சாற்றில் சோடாக் கரைசலை விடச் சொன்னார்கள். விட்டேன். நீலம் பாய்ந்து, பச்சையானது. அதே பச்சை. திராட்சை, நாவல், செம்பருத்தி எல்லாவற்றிலும் இப்படித்தான் மாறும், உண்மையான பழச்சாறு என்பதற்கு இதுவே அடையாளம், சாயம் போட்டிருந்தால் அனேகமாக மாறாது என்று பேராசிரியர் விளக்கிக்கொண்டே போனார். பிறகு வகுப்பைப் பார்த்துக் கேட்டார். “வீட்டிலேயே இதுக்கு ஒரு எடுத்துக்காட்டு இருக்கு. மஞ்சள் கறையில் சோப்பு பட்டால் என்ன ஆகும்?” வகுப்பு மொத்தமும் “சிவப்பாகும்” என்றது. நான் குழாயை ஸ்டாண்டில் வைத்துவிட்டு வெளியே வந்து, வராந்தா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த வாரமே மிஸ்ஸைத் தேடிப் போனேன். ஓய்வு பெற்றுச் சேலையூரில் இருந்தார். என்னைப் பார்த்ததும் உட்காரவைத்துக் காபி கொடுத்தார். நடந்ததைச் சொன்னேன். நாம் செய்த சோதனை தலைகீழ் என்றேன். அவர் சிரித்தார். “அப்படியா? எயிட்த் ஸ்டாண்டர்ட் எக்ஸிபிஷன்தானேம்மா. அதைப் போய் இவ்வளவு நாள் மனசுல வச்சிருக்கியா?”

“அந்த ஐஸ்காரம்மா என் அத்தை, மிஸ்.”

நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். பிறகு என் கையைத் தட்டிக் கொடுத்தார். “அதைத் தாண்டி நீ மேல வந்துட்ட பாரு. ஐ ஆம் ப்ரௌட் ஆஃப் யூ.”

எதைத் தாண்டி? அத்தையைத் தாண்டியா? காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். மன்னிப்பு என்ற சொல்லைக் கேட்கப் போயிருந்தேன். அவர் எனக்கு இன்னொரு சான்றிதழ் கொடுத்தனுப்பினார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரிலிருந்த சான்றிதழை இழுத்தேன். அத்தை ஓடி வந்தாள்.

“ஏய், இன்னாத்துக்கு அத்தப் புடுங்குற?”

“இது பொய், அத்தே. அன்னிக்கு நீ சொன்னதுதான் சரி. மஞ்சள் மாதிரிதான் திராட்சையும். உன் சிரப்புதான் நல்லது.”

“தெரியும்.”

“தெரியுமா? அப்புறம் ஏன் கொட்டின? ஏன் இதை மாட்டி வச்ச?”

“நான் காய்ச்சுனது எனுக்குத் தெரியாதா? உனுக்குத் தெரியத்தான் இத்தினி வருசம் ஆச்சு.” சான்றிதழை என் கையிலிருந்து வாங்கி, முந்தானையால் துடைத்தாள். “நம்ம வூட்ல பேரு எழுதி வந்த மொதோ காயிதம் இது. அது பொய்யாவே இருந்துட்டுப் போவட்டும், உன் பேரு பொய்யா?”

அந்தப் பெருந்தன்மை எனக்கு வேண்டாம். அன்றைக்கே அவள் என் கன்னத்தில் ஒன்று வைத்திருக்க வேண்டும். மிஸ்ஸின் முன்னால் வந்து நின்று, “இவ என் தம்பி பொண்ணு, இது என் சிரப்பு, குடிச்சுப் பாரு” என்று கத்தியிருக்க வேண்டும். என் படிப்புக்கு மரியாதை கொடுத்து அவள் வாயை மூடிக்கொண்டாள். அந்த மரியாதைக்கு என் படிப்பு அன்றைக்குத் தகுதியானதாக இல்லை.

மறுபடி திராட்சை காய்ச்சச் சொன்னேன். கெஞ்சினேன். “நீ சொன்னேன்னு வுட்டேன். இப்ப நீ சொன்னேன்னு மறுபடியும் புடிக்கணுமா? போடி.” பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். “ஒரு தபா காய்ச்சிப் பாத்தேன்டி, நீ காலேஜ் போன பொறவு. பசங்க புளிக்குதுன்னு துப்பிட்டாங்க. அவுங்களுக்கு இப்ப நாக்கு செவக்கணும்.” சரியான விடையை நான் எடுத்துக்கொண்டு வந்தபோது, அதற்கான நாக்குகளே தாம்பரத்தில் இல்லை. இதற்கு யாரிடம் போய்க் கேட்பது?

இப்போது நான் மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையின் பெயின்ட் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். வெயிலிலும் உப்பிலும் சோப்பிலும் நிறம் மாறுகிறதா என்று சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. நிறம் மாறாமல் இருக்க வேண்டியது கார் கதவு. திராட்சைப் பழம் அல்ல. அத்தை இன்றும் சாயங்காலங்களில் மேற்குத் தாம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் வண்டி போடுகிறாள். வேலை விட்டு வரும் வழியில், எல்லோரும் பார்க்க, “அத்தே” என்று உரக்கக் கூப்பிட்டுக்கொண்டே போய் நிற்பேன். “கத்தாதடி, மானம் போவுது” என்பாள். அவளைச் சுற்றி நாக்கு சிவந்த பிள்ளைகள்.

சான்றிதழ் மறுபடி டிவிக்கு மேலே ஏறிவிட்டது. இப்போது அதைத் தொட நானும் யாரையும் விடுவதில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, “பரவாயில்லையே, முதல் பரிசா, எதுக்கு?” என்று கேட்பார்கள். “அத்தையைப் பத்திப் பொய் சொன்னதுக்கு” என்பேன். அவர்கள் விழிப்பார்கள். உள்ளிருந்து அத்தை, “அவ கெடக்குறா, நீங்க காபி குடிங்க” என்று குரல் கொடுப்பாள். நான் விடமாட்டேன். அவர்களை உட்காரவைத்து, சோடாவிலிருந்து சாக்கடை வரை முழுவதையும் சொல்லி முடித்த பிறகுதான் காபி.