கையைச் சுடும் இருவர்

ரசாயனம் சொல்லிக் கொடுக்கும் வேலையில் சேலை முந்தானையில் ஓட்டை விழாத வருடம் கிடையாது. இதே வேலையில் இருக்கும் நீங்களும் உங்கள் முந்தானையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விடுகதை. தனித்தனியாக வந்தால் இருவருமே கையைச் சுடுவார்கள். அளவாகச் சேர்ந்து வந்தால் கஞ்சிக்கு ருசி தருவார்கள். யார் இவர்கள்?

அறுபதுகளில், மணமேல்குடிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் என் எட்டாம் வகுப்புப் பெண்களிடம் இதைக் கேட்டேன். எங்கள் ஆய்வகத்துக்கு அப்போது வயது ஒன்று. கல்வி அதிகாரி வந்து பார்த்துச் சரி என்றால்தான் ஒன்பதாம் வகுப்பில் ரசாயனம் விருப்பப்பாடமாகக் கிடைக்கும். இல்லையென்றால் புதுக்கோட்டைக்குப் போய்த்தான் படிக்க வேண்டும். அவ்வளவு தூரம் பெண்ணை அனுப்பும் வீடு எங்கள் ஊரில் ஒன்றுகூட இல்லை.

விடை

ஜவுளிக்கடைக்காரர் மகள் மீனாள்தான் வகுப்பில் முதல். எழுந்து நின்று, "ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சோடியம் ஹைட்ராக்சைடும். சேர்ந்தால் உப்பும் நீரும், டீச்சர்" என்றாள். ஓர் எழுத்துப் பிசகவில்லை.

செய்து காட்டினேன். அமிலத்தில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, சிவப்பு லிட்மஸும் நீல லிட்மஸும் நிறம் மாறாத இடத்தில் நிறுத்தினேன். பீங்கான் கிண்ணத்தில் ஊற்றிக் காய்ச்சினேன். நீர் வற்றி, அடியில் வெள்ளையாகப் பொடி படிந்தது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். கடைசி பெஞ்சில் இருந்த செபமாலை மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். மீமிசலில் கடலுக்குப் போகிறவர் மகள். வீட்டில் மீன் உப்புக்கண்டம் போடுகிறவர்கள். அவள் சொன்னாள்: "இந்த ஒரு சிட்டிகைக்கா டீச்சர் இம்புட்டுப் பாடு? எங்க பக்கம் வெயில் சும்மாவே தருதே."

சூடு

மறு வாரம் இரண்டிரண்டு பேராகச் செய்யவிட்டேன். செபமாலை சோதனைக்குழாயை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு நின்றாள். கீழே வைக்கச் சொன்னேன். வைக்கவில்லை.

"சுடுது டீச்சர்."

"விளக்கில் காட்டினாயா?"

"இல்லீங்க டீச்சர். ரெண்டும் பச்சைத் தண்ணியாத்தான் இருந்துச்சு. சேந்தப்பறந்தான் சுடுது."

"புஸ்தகத்துல அப்படிப் போடலையே" என்றாள் பக்கத்தில் நின்ற மீனாள். உண்மைதான், போடவில்லை. எனக்கு அது தெரியும். பரீட்சைக்கு வராது என்று விட்டிருந்தேன். அன்றுதான் கரும்பலகையில் எழுதினேன்: அமிலமும் காரமும் சேரும்போது வெப்பம் வெளிப்படும். மற்றவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். செபமாலை எழுதாமல் என்னைச் சமாதானப்படுத்தினாள்: "சண்டை தீந்தாலும் ஒடம்பு கொஞ்ச நேரம் கொதிக்கத்தானே செய்யும் டீச்சர்."

குடம்

எங்கள் பள்ளிக் கிணறு உப்புக் கிணறு. நல்ல தண்ணீர் ஒரு மைல் தள்ளி ஊருணியிலிருந்து ஆயா முனியம்மா சுமந்து வருவார். அந்தக் குடம் இருந்தது ஆய்வக மூலையில். வேறு இடம் இல்லை. ஆளுக்கு ஒரு தம்ளர். மொண்டு கொடுப்பது முனியம்மா மட்டும்.

ஒருநாள் செபமாலை அதில் மொண்டு மைக்கறையைக் கழுவிவிட்டாள். முனியம்மா சத்தமே போடவில்லை. "இது ஒங்க கடல் இல்ல தாயி, அள்ளி எறைக்கிறதுக்கு. இன்னொரு தடவ கொடத்துல கை வச்சே, அங்கிட்டு வெளியதான் நிப்பே."

அதிகாரி

அதிகாரி வந்தார். மீனாள் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாள். அவருக்கு மகிழ்ச்சி. புட்டியின் மூடியை எப்படித் திறப்பது என்று பிள்ளைகளுக்குக் காட்ட, அடர் அமிலப் புட்டியைத் தாமே எடுத்தார். இறுகியிருந்த மூடி சட்டென்று கழன்றது. அமிலம் அவர் மணிக்கட்டில் கொட்டியது.

"நடுநிலையாக்கணும் டீச்சர்" என்று மீனாள் காரப் புட்டியை எடுத்தாள். அதை வாங்கி ஊற்ற நானும் கையை நீட்டினேன். அதற்குள் செபமாலை மூலைக்குப் போய்க் குடத்தைத் தூக்கிவந்து அவர் கைமேல் கவிழ்த்தாள். கடைசிச் சொட்டு வரை நிறுத்தவில்லை. அவருடைய வேட்டி, பதிவேடு, என் சேலை எல்லாம் நனைந்தன. முனியம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோல் சிவந்திருந்தது, அவ்வளவுதான். "காரத்தை ஊற்றியிருந்தால் அதுவும் சுட்டிருக்கும், சேர்ந்த சூடும் சுட்டிருக்கும். உனக்கு யாரம்மா சொன்னது?" என்று கேட்டார்.

"ரெண்டும் சேந்தா சுடும்னு கையில பாத்திருக்கேன் சார். தண்ணி சுடாது."

நனைந்த பதிவேட்டிலேயே அவர் அனுமதி எழுதினார். அன்று பிற்பகல் பள்ளியில் ஒருவருக்கும் குடிக்கத் தண்ணீர் இல்லை. வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு முனியம்மா சொன்னது: "வா தாயி, கூட வந்து ஒரு கொடம் தூக்கு."

ரசாயனத்தில் பட்டம் வாங்கிய நான் புட்டிக்குக் கை நீட்டினேன் என்பதையும் சேர்த்தேதான் அந்த வகுப்பை எண்ணிப் பெருமைப்படுகிறேன். ஜூன் மாதம் கொடுத்த விருப்பப்பாடத் தாளில் செபமாலை ரசாயனம் என்று எழுதினாள்.