ஜிமிக்கியின் வயிற்றுப்பட்டை

தீர்த்தகிரி வளர்த்த குதிரைக்கு நாலு கால், ஒரு வால், தன்னைப் பற்றி ரொம்ப உயர்ந்த அபிப்பிராயம். பெயர் ஜிமிக்கி. மலைக்கு வருமுன் வாணியம்பாடியில் கல்யாண ஊர்வலக் குதிரையாக இருந்தது. எத்தனையோ மாப்பிள்ளைகளைச் சுமந்து, பேண்டு வாத்தியத்துக்கு முன்னங்கால் தூக்கி ஆடி, போட்டோவுக்குக் கழுத்தை வளைத்து நின்ற உடம்பு. இப்போது புளி மூட்டை சுமக்கிறது. அந்த வருத்தம் அதன் முகத்தில் நன்றாகவே தெரியும்.

ஆலங்காயத்திலிருந்து ஏறி வரும் ஜீப் ஓரிடத்தில் முனகிக்கொண்டு நின்றுவிடும். அதற்கு மேலே ஊர் வரைக்கும் செங்குத்தான ஒற்றையடிப் பாதைதான். ரேஷன் அரிசி, காஸ் சிலிண்டர், பலாப்பழம், ஒருமுறை ஒரு டிவி, எல்லாம் ஜிமிக்கியின் முதுகில்தான் ஏறி இறங்கும். மூட்டைக்கு வாய் கிடையாது. சரிந்தாலும் திட்டாது. அதனால் சேணம் கட்டுவதில் தன்னை அடிக்க ஆளில்லை என்று தீர்த்தகிரி நம்பிக்கொண்டிருந்தான்.

அவன் மனைவி சின்னக்குழந்தை ஏறி உட்கார்ந்த அன்று அந்த நம்பிக்கை கவிழ்ந்தது. சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே கவிழ்ந்தது.

ஆடித் திருவிழாவுக்குப் பக்கத்து ஊர் போக வேண்டும். சின்னக்குழந்தைக்கு முட்டி வீங்கி நடக்க முடியாது. "வாமே, ராணி மாதிரி இட்டுனு போறேன்" என்று ஏற்றினான். இறக்கத்தில் சேணம் மெதுவாக, கடிகார முள்ளைப் போல, மேலிருந்து பக்கவாட்டுக்கும் பக்கவாட்டிலிருந்து கீழேயும் நகர்ந்தது. ராணி குதிரையின் வயிற்றுக்கு அடியில் சாமைக் கொல்லையில் மல்லாந்து கிடந்தாள். ஜிமிக்கி ஒரு குளம்பைக்கூட அசைக்காமல் நின்றது. அதற்கு மட்டும் யாரோ கோயிலில் விளக்கேற்றியிருக்க வேண்டும். அடி ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் ஊரே சிரித்தது, அதுவும் போனில் படம் எடுத்துக்கொண்டே சிரித்தது.

"இனிமே அந்தக் குதிர மேல என் பொணங்கூட ஏறாது" என்றாள் சின்னக்குழந்தை, தலையில் ஒட்டிய சாமைக் கதிரைப் பிய்த்தபடி.

அப்போது அது வெறும் கோபம். ஐப்பசியில் அதுவே தொல்லையாக வந்து நின்றது.

ஆலங்காயத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் சுவேதாவுக்குத் தலைப்பிரசவம். தாய்வீட்டில்தான் பெற வேண்டும் என்பது முறை. ஆனால் தாய்வீடு இருக்கும் இடத்தில் ஆஸ்பத்திரி கிடையாது. ஆகவே தாய்தான் மகளிடம் இறங்க வேண்டும். சுவேதா போனில் கேட்டாள்.

"எம்மா, நீ வந்துருவ இல்ல?"

"பாக்கலாம்டி" என்றாள் சின்னக்குழந்தை. போனை வைத்தபின், ஏற்கனவே கழுவிய குண்டானை எடுத்து மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தாள். தீர்த்தகிரி வாசலில் நின்று பார்த்தான். அந்தக் குண்டான் அவ்வளவு தேய்ப்பை அதன் ஆயுளில் பார்த்ததில்லை.

"டோலி கட்டி தூக்கினு போவலாமா?" என்று மெல்லக் கேட்டான்.

"பேரப்புள்ளய பாக்க பொணமாட்டம் படுத்துனு போறதா? போய்யா."

டோலிப் பேச்சு அதோடு முடிந்தது. ஆனால் மறுநாளிலிருந்து ஜிமிக்கியின் வயிற்றைச் சுற்றிச் சுற்றி வர ஆரம்பித்தான்.

சேணத்தைக் குதிரையோடு பிடித்து வைப்பது வயிற்றுக்கடியில் போகும் பட்டைதான். அவனிடம் இருந்தது பட்டைகூட இல்லை, தேங்காய்நார்க் கயிறு. இறுக்கினால் தோலை அறுக்கும், தளர்த்தினால் சேணம் சுற்றும். முன்னங்காலுக்குப் பின்னால் இருந்த புண்ணில் அவன் மஞ்சளும் எண்ணெயும் குழைத்துத் தடவி வந்தான். மூட்டைக்காக அந்தப் புண்ணைப் பார்த்தும் பாராமல் இருந்தவனுக்கு, மனைவிக்காகப் பார்க்கும்போது கூச்சமாக இருந்தது.

புண் ஆறியதும் ஜீப்காரன் விஜயராஜிடம் லாரியில் சரக்கு கட்டும் நைலான் பெல்ட் ஒன்றை வாங்கிவந்தான். சோதனைக்கு ஆள் வேண்டுமே? இரண்டு சாமை மூட்டையை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேணத்தில் வைத்து, அசல் போல இருக்கட்டும் என்று சின்னக்குழந்தையின் பழைய புடவையையும் சுற்றிவிட்டான். அந்த நேரம் பார்த்து அவள் வெளியே வந்தாள்.

"இன்னாய்யா அது?"

"நீதான்."

"ரெண்டு மூட்டயா நானு?"

தீர்த்தகிரி அவசரமாகக் குதிரையை நடத்திக்கொண்டு நகர்ந்தான். மனிதன் சில நேரம் புத்திசாலியாகவும் இருப்பான். ஜிமிக்கிக்கு வியர்த்ததும் நைலான் வழுக்கியது. மூட்டைப் பெண்மணி கொல்லையில் விழுந்தாள். நிஜப் பெண்மணி அன்று முழுவதும் அவனோடு பேசவில்லை.

அடுத்து ஆலங்காயத்தில் ஃபுர்கான் கடை. வாணியம்பாடித் தோல் பதனிடும் ஷாப்பில் மிஞ்சும் துண்டுகளை வாங்கி பெல்ட்டும் பையும் தைப்பவன். ஜிமிக்கியை விற்றதே அவன் சித்தப்பாதான்.

"இன்னா தீர்த்தகிரி, எங்க பொண்ணு நல்லாக்குதா? மலைல டான்ஸுகீன்ஸு ஆடுதா?"

"உங்க பொண்ணு என் பொண்டாட்டிய கீழ தள்ளுது பாய். தோல்ல ஒரு பட்ட தெச்சி குடு."

ஃபுர்கான் நன்றாகவே தைத்துக் கொடுத்தான். தீர்த்தகிரி கட்டினான். சாமை மூட்டை மறுபடியும் விழுந்தது. பட்டையைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் இறங்கினான். ஃபுர்கான் வியர்வைக் கறையைப் பார்த்துத் தலையில் கைவைத்தான்.

"யோவ், பளபளப்ப உள்ளாறயா வெச்சி கட்டின?"

"ஆமா பாய். பொறந்த கொழந்திக்கி துணி சுத்தனா மெத்துனு இருக்கற பக்கந்தான உள்ள வெப்போம்? வழவழன்னு இருந்தா அதுக்கு வலிக்காதுன்னு..."

"வழவழன்னு இருந்தா வழுக்காம இன்னா செய்யும்? வலிக்காது. வூட்டுக்காரம்மாக்குத்தான் வலிக்கும்!"

சிரித்து முடித்தபின் ஃபுர்கான் கொஞ்சம் யோசித்தான். தோலைத் திருப்பினால் பிடிக்கும், ஆனால் வியர்வை காய்ந்தால் விறைத்து ஓரம் குத்தும். "அகலமா இருக்கணும், வேர்வய குடிக்கணும். பருத்தி நூலு நல்லது. தொந்திலயும் கட்டாத, அங்க நிக்காது. முன்னங்காலுக்கு நாலு வெரல் பின்ன கட்டு" என்றான். சித்தப்பாவின் பழைய ஊர்வலப் பட்டையிலிருந்து இரண்டு இரும்பு வளையங்களைக் கழற்றிக் கையில் திணித்தான். "எங்க பொண்ணுக்கு சீர்" என்றான்.

தீர்த்தகிரி வீட்டுக்கு வந்து, பருத்திக்கு எங்கே போவது என்று புலம்பிவிட்டுக் கொல்லைக்குப் போனான். திரும்பி வந்தபோது அவன் படுக்கும் நாடாக் கட்டில் வெறும் சட்டமாக நின்றது. சின்னக்குழந்தை வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்து, அந்தப் பருத்தி நாடாவை இரண்டு வளையங்களுக்கும் நடுவே நெருக்கி நெருக்கி இழுத்து, குறுக்கே பின்னிக்கொண்டிருந்தாள்.

"நீதான் ஏறமாட்டேன்ட்டியே?"

"யார் ஏறனாங்க? குதிரக்கி புண்ணாவுதேன்னு பின்றேன்."

"நான் எங்க படுக்கறது?"

"தர எங்கயும் போவல."

கட்டிப் பார்த்தார்கள். பட்டை அகலமாக, உடம்போடு ஒட்டி உட்கார்ந்தது. அப்படியும் நாலடி நடந்ததும் தளர்ந்தது. தீர்த்தகிரிக்கு அழுகையே வந்துவிட்டது. சின்னக்குழந்தை மட்டும் ஜிமிக்கியை முறைத்துப் பார்த்தாள்.

"நீ மேல இருந்துதான் பாத்துக்கற. நான் அதுக்கு கீழ கெடந்து பாத்தவ. விழுந்த அன்னிக்கி நீ வந்து கயித்த தொட்டதும் மூச்ச இழுத்து வயித்த உப்புச்சி. அதயேதான் இப்பவும் பண்ணுது. கொஞ்ச தூரம் போனா வுட்டுடும். போட்டோக்கி நின்னு நின்னு பழகன ஒடம்பு. நடு வழில ஒருவாட்டி இழுத்துக் கட்டணும்."

"நடு வழிலயா?" தீர்த்தகிரி முகம் வெளுத்தது. வீட்டு வாசலில் கற்பூரம் காட்டிப் போட்ட முடிச்சைப் போகும் இடம் சேரும்வரை தொடக்கூடாது என்பது அவன் அப்பன் காலத்து முறை. தொட்டால் போன காரியம் உருப்படாது. மூட்டை எத்தனைமுறை சரிந்தும் அவன் தோளால் முட்டுக்கொடுத்தபடியே நடந்திருக்கிறானே தவிர, முடிச்சில் கை வைத்ததில்லை.

சின்னக்குழந்தை ஏறுவதாகச் சொல்லவும் இல்லை, மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. ஆனால் சுவேதாவுக்கு வலி கண்டதாகப் போன் வந்த காலையில், நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வாசல் திண்ணை மேல் ஏறி நின்றாள். "இன்னா பாத்துனு நிக்கற? இட்டா குதிரய."

கற்பூரம் காட்டினான். கட்டினான். கிளம்பினார்கள். முதல் வளைவில் பட்டைக்கும் வயிற்றுக்கும் நடுவே முழுக்கையும் போகும்படி இடைவெளி. எதிரே இறக்கம்.

"நில்லு. இழுத்துக் கட்டு."

"புள்ளப்பேறுக்கு போறம்மே. இன்னிக்கி போயி முடிச்ச தொட சொல்றியே." அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "பொண்ணுக்கு எதனா ஒண்ணு ஆயிடிச்சின்னா?"

சின்னக்குழந்தை மேலேயிருந்து குனிந்து பார்த்தாள். இந்தமுறை திட்டவில்லை.

"தே, இங்க பாரு. புள்ள பெக்கற வூட்ல இன்னா செய்வாங்க? பரண்ல கட்டி வெச்ச மூட்டமொதக்கொண்டு முடிச்ச எல்லாம் அவுத்து வுடுவாங்க இல்ல, சுளுவா பொறக்கட்டும்னு? நீ இப்ப அவுத்தா அது உன் பொண்ணுக்கு நல்லதுதான்."

தீர்த்தகிரி யோசித்தான். அப்பன் சொன்னதும் முறை. இதுவும் முறை. அப்பன் பிள்ளை பெற்றதில்லை. அவன் முடிச்சை முழுசாக அவிழ்த்தான். மகளின் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொண்டான். ஜிமிக்கி மூச்சை விடும்வரை காத்திருந்து, இழுத்து, முன்னங்காலுக்கு நாலு விரல் பின்னால் கட்டினான்.

இறக்கம் முழுக்க அவன் பாதையைப் பார்க்கவே இல்லை, பட்டையையே பார்த்துக்கொண்டு நடந்தான். பட்டை நகரவில்லை.

கீழே சமதரையில் விஜயராஜ் ஜீப்போடு காத்திருந்தான். அவர்களைப் பார்த்த சந்தோஷத்தில் ஸ்பீக்கரில் கல்யாண பேண்டு பாட்டை அலறவிட்டான். ஜிமிக்கியின் காது நிமிர்ந்தது. இத்தனை வருடத்துப் புளி மூட்டையும் மறந்துபோனது. முன்னங்கால் தூக்கியது. கழுத்தை வளைத்தது. இடுப்பை ஆட்டி ஒரு சுற்றுச் சுற்றியது.

"டேய் விஜயராஜு! நிறுத்துடா பாட்ட! எறங்கி வந்தன்னா தெரியும்!" சின்னக்குழந்தை பிடரியைக் கட்டிக்கொண்டு கத்தினாள். ஜிமிக்கி இன்னொரு சுற்றுச் சுற்றியது. சேணம் அப்படியே இருந்தது. மேலிருந்து வந்த கத்தல் பாதியில் சிரிப்பாக மாறியதைத் தீர்த்தகிரி கேட்டான். தாலி கட்டிய நாளிலிருந்து அவளை இத்தனை உயரத்தில் வைத்து அவன் பார்த்ததில்லை.

பாட்டு நின்றது. இறக்கிவிட்டதும் அவள் ஜீப்பில் ஏறவில்லை. நொண்டிக்கொண்டே குனிந்து, பட்டைக்கடியில் கைவிட்டுத் தடவிப் பார்த்தாள். ஈரம் இருந்தது. காயம் இல்லை.

"அவுத்து வுடுய்யா. அதுவும் கொஞ்சம் மூச்சு வுடட்டும்."

அவன் அவிழ்த்துக்கொண்டிருந்தபோதே போன் அடித்தது. மருமகன். தீர்த்தகிரிக்குக் கை வேலையாக இருந்ததால் சின்னக்குழந்தைதான் எடுத்துக் காதில் வைத்தாள். கேட்டாள். பட்டையோடு நிற்கும் புருஷனைப் பார்த்தாள்.

"சுளுவா பொறந்துச்சாம்" என்றாள். "பொட்டப்புள்ள. ஏறு ஜீப்புல."

"ஜிமிக்கி?"

"இங்கயே மேயட்டும். பட்டய மட்டும் எடுத்துக்க, எவனாச்சும் தூக்கினு போய்டுவான். திரும்ப ஏறி வரணும் இல்ல?"