அணைந்து எரிந்த பச்சை விளக்கு

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலை. அங்கே கம்ப்யூட்டர் அறைக்குக் கேபிள் போடுவது என் வேலை. காலையிலும் மதியமும் கேபிள் முனைகளில் எரியும் பச்சை விளக்குகளைப் பார்த்து நோட்டில் குறிக்க வேண்டும். அணைந்திருந்தால் காரணமும் எழுத வேண்டும், மலாய் மொழியில். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவன். அணைந்து உடனே எரிந்துவிட்டால் எழுத மாட்டேன். யாரும் எழுதியதில்லை.

அந்த அறையில் எட்டு கம்ப்யூட்டர்கள் சேர்ந்து வேலையைப் பங்குபோட்டுச் செய்யும். ஆலையின் சோதனை முடிவுகளெல்லாம் அதில்தான். அதைக் கவனித்தவர் ஒரு தமிழ்ப் பெண். ஒப்பந்த வேலை. என்னை அண்ணே என்பார். நான் மிஸ் என்பேன்.

ஒருமுறை வெளிநாட்டிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்று அறையை ஒழுங்குபடுத்தச் சொன்னார்கள். தொங்கிய கேபிள்களைச் சேர்த்து, பிளாஸ்டிக் வாரால் இறுக்கிக் கட்டினேன். சூப்பர்வைசர் போட்டோ எடுத்தார்.

"இடியாப்பத்துக்கே சடை பின்னிட்டீங்களே லா!"

எனக்கும் பெருமைதான்.

ஒரு கேபிள் மட்டும் கம்ப்யூட்டர்கள் இருந்த அலமாரியின் கதவோரம் மடங்கி நின்றது. கதவைச் சாத்தினால் அதன் பச்சை விளக்கு அணையும். இரண்டு மூச்சு விடுவதற்குள் எரியும். பார்த்தேன். சரிசெய்ய வேண்டுமானால் மொத்தக் கட்டையும் அவிழ்க்க வேண்டும். கதவை மெதுவாகச் சாத்தப் பழகிக்கொண்டேன். மற்றவர்கள் படாரென்று சாத்தினார்கள்.

பிறகு எட்டு கம்ப்யூட்டர்களில் ஒன்று அடிக்கடி கூட்டத்தை விட்டு விலகியது. மிஸ் மூன்று வாரம் திரையை விட்டு நகரவில்லை. சாப்பாடும் அங்கேயே.

"என்னதான் மிஸ் அதுக்கு?" என்றேன்.

"ஒண்ணு பேசலன்னா, மத்ததெல்லாம் அது செத்துப்போச்சுன்னு நெனச்சு அதோட வேலைய எடுத்துக்குது அண்ணே. ஒடனே இது எந்திரிச்சு, என் வேலைன்னு நிக்குது. முழுசா செத்தாக்கூடப் பரவால்ல. செத்துச் செத்துப் பொழைக்குது பாருங்க, அதான் தலவலி."

கொஞ்சம் பொறுத்து அவரே கேட்டார். "லைட்டு எதாச்சும் அணைஞ்சு அணைஞ்சு வந்துச்சா?"

நோட்டு என் கையில் இருந்தது. மூன்று வாரமும் சரி, சரி, சரி.

"இல்ல மிஸ். பச்சையாத்தான் இருந்துச்சு."

"நீங்க சொன்னா சரிதான் அண்ணே. அப்ப என் புரோகிராம்லதான் தப்பு."

அடுத்த வாரம் ஒரு காலை, இரண்டு கம்ப்யூட்டர்கள் ஒரே வேலையை எடுத்துக்கொண்டன. சோதனை முடிவுகள் கலந்துபோயின. ஆலை அரைநாள் நின்றது. கூட்டத்தில் மிஸ் தன் தப்பு என்றே சொன்னார். அவருடைய ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. கடைசி நாளில் எல்லோருக்கும் கறிபாப் பலகாரம் வாங்கிவந்தார். எனக்கு இரண்டு வைத்தார்.

மறுநாள் காலை பிளாஸ்டிக் வார்களை அறுத்தேன். மடங்கிய கேபிளை எடுத்துவிட்டுப் புதுக் கேபிள் போட்டேன். நோட்டில் எழுதவில்லை. அதன்பிறகு ஒரு கோளாறும் இல்லை.

சூப்பர்வைசர் சொன்னார்: "பாத்தீங்களா, அந்தப் பொண்ணு போச்சு, எல்லாம் ஓகே லா."

தலையை ஆட்டினேன். நான் போட்ட புதுக் கேபிளே, தப்பு மிஸ்ஸுடையதுதான் என்று ஆக்கிவிட்டது.

மிஸ் இப்போது பிறை என்ற ஊரில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறார். கம்ப்யூட்டர் வேலை இல்லை. போன தீபாவளிக்குக் கைப்பேசியில் வாழ்த்து அனுப்பினார். அதன் கீழே, "அண்ணே, அதெல்லாம் இப்ப நல்லா ஓடுதா? எங்க தப்பு பண்ணேன்னு இன்னும் தெரியல."



"ஓடுது மிஸ்" என்று அனுப்பினேன். வேறு எதுவும் எழுதவில்லை.